லொறி வந்திருச்சுங்களா?

ஷுக்ரி நானாவின் லொறி எங்கள் தோட்டத்து ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது காலை வெயில் ஏறியிருக்க வேண்டிய நேரம். மடுல்சீமை மலையில் வெயிலுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது. மூடுபனி படி வரைக்கும் வந்து, உள்ளே வர அனுமதி கிடைக்காத ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. நானா கண்ணாடியை இறக்கி, "ஆபீஸ் எங்கால இருக்கு தம்பி?" என்று கேட்டார். அவருடைய லொறியின் மூக்கு அப்போது ஆபீஸ் தூணைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆபீஸ் பதுளைக்கு இடம் மாறுகிறது. போன மழையில் பின்பக்கச் சரிவு வெடித்து, மண் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இந்தக் கட்டிடம் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பனி பதறிப்போய், கோப்புகளையும் அலுமாரிகளையும் உடனடியாகப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தது. அதே வெடிப்புக்கு நேர் கீழே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இருக்கின்றன. அவற்றில் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. கூட்டத்தில் யாராவது, லயங்களை மண் மூடிய மீரியபெத்தையைப் பற்றி வாயெடுத்தால் மேலிடத்துக்கு இருமல் வந்துவிடும்.

இடமாற்றத்துக்கு ஒரு குழு போட்டார்கள். தலைவர், பெரிய கிளாக்கர் கந்தப்பன் ஐயா. பெட்டிகளுக்குப் பெயர் ஒட்டுவது ஜீவராணி அக்கா. எதை எந்த ஒழுங்கில் லொறியில் ஏற்றுவது, அங்கே எந்த மூலையில் இறக்குவது என்று படம் வரைவது நான், சதீஸ்குமார், உதவிக் கிளாக்கர். பட்டதாரி என்பதால் பென்சில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஜீவராணி அக்கா எட்டு மாதக் கர்ப்பிணி. கலியாணம் முடிந்து வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. புருசன் கட்டாரில் வேலை. ரோட்டு உடைந்து பஸ் வராததால் லொறியின் முன்சீட்டில் அக்காவும் வருவதாக ஏற்பாடு. பதுளையில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை பார்த்து வைத்திருந்தார். "இந்த ஒண்ண மட்டும் கையில தூக்கிப் பாத்துட்டா போதும் தம்பி, அப்பறம் நீ எந்த ஊருக்கு ஆபீச மாத்துனாலும் வாறேன்" என்று சொல்லிக்கொண்டே லேபல் ஒட்டினார்.

தோட்டத்து ஆபீசைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தொழிலாளி அதற்குள்ளே வருவதில்லை. பின்பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கும். அதற்கு வெளியே நின்று பலகையைத் தட்டுவார். உள்ளேயிருந்து ஒரு சொல் போகும்: "இருங்க." அதற்குப் பிறகு அவர் இருப்பார். மழையென்றாலும் இருப்பார். வேலைக்குச் சேர்ந்து நான் முதலில் கற்றுக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். தலையைத் தூக்காமல் சொல்ல வேண்டும். தூக்கிவிட்டால் முகம் தெரிந்துவிடும். முகம் தெரிந்தால் வேலை செய்ய வேண்டிவரும்.

அன்றைக்கு அந்தப் பின்பக்க ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தோம். சாமான் தூக்க வந்த ஆட்கள் முன்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். உள்ளே நாங்கள் மூவர் மட்டும். வெறுமையான அறையில் பழைய தாள்களின் வாசமும், சுவரில் படங்கள் தொங்கிய இடத்து வெள்ளைச் சதுரங்களும் மிஞ்சியிருந்தன. கந்தப்பன் ஐயா குனிந்து ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

டக். டக்.

"ஐயா... லொறி வந்திருச்சுங்களா?"

மெலிந்த குரல். மிகவும் பணிவான குரல்.

"கண்ணு தெரியலையா? வாசல்லதானே நிக்குது" என்றார் ஐயா, தலையைத் தூக்காமல். "ஏத்துங்க, ஏத்துங்க."

"நல்லதுங்க."

நான் முன்படியைப் பார்த்தேன். ஆட்கள் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

பின் ஜன்னலைப் பார்த்தேன்.

அது சரிவுப் பக்கத்து ஜன்னல். மண் இறங்கியபோது அந்தப் பக்கத்து வராந்தாவும் சேர்ந்து போய்விட்டது. அதற்கு வெளியே ஒரு கோழி நிற்கக்கூட இடம் இல்லை.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். வெள்ளையாகப் பனி மட்டும் அசைந்தது. அதிலிருந்து ஒரு வாசம் வந்தது. நனைந்த கம்பளியின் வாசம். முன்பெல்லாம் மழைக்குக் கம்பளியைத்தான் போர்த்தினார்களாம். இப்போது எல்லாரும் பொலித்தீன்தான்.

ஜீவராணி அக்காவின் கையில் லேபல் ஒட்டிக்கொண்டு நின்றது.

"தம்பி," என்று கிசுகிசுத்தார், "அந்தப் பக்கம் யாரும் நிக்க ஏலாதே?"

"ஐயாகிட்டச் சொல்லுவமா?"

"நல்ல நேரம் போவுதும்பாரு."

சொல்லவில்லை. குழுவில் ஒற்றுமை முக்கியம்.

ஏற்றும்போது முதல் கோளாறு தெரிந்தது. என் படத்தில் எல்லாச் சாமானும் லொறிக்குள் கச்சிதமாக அடங்கும். அடங்கவில்லை. ஆட்கள் இரண்டு அலுமாரிகளையும் நெருக்கி வைத்துவிட்டு மறுபக்கம் போய் வருவதற்குள் அவை விலகியிருந்தன. மறுபடி நெருக்கினார்கள். மறுபடி விலகின. நடுவில் ஒரு இடைவெளி. ஒரு ஆள் மல்லாந்து படுக்கும் அளவு.

"என்னாங்க தம்பி கணக்கு இது?" என்று ஒருவர் சிரித்தார்.

என் கணக்கில் பிழை இல்லை என்று சொன்னேன். மிச்சப் பெட்டிகளை அந்த இடைவெளியில் வைக்கச் சொன்னேன். சிரித்த ஆளே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அதே பெட்டியோடு இறங்கினார். சிரிக்கவில்லை. "அங்கன வேணாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போய் மறுபடி பிளேன்டீ கேட்டார்.

கந்தப்பன் ஐயா சாமிப் படத்தையும் பால் காய்ச்சும் சட்டியையும் எடுத்துக்கொண்டு வேனில் முன்னால் போய்விட்டார். நாங்கள் பின்னால் புறப்பட்டோம். ஷுக்ரி நானா ஓட்ட, நடுவில் நான், கதவோரம் காற்றுக்காக அக்கா.

பசறைக்கு இறங்கும் வளைவுகளில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. முன் விளக்குகள் வெளிச்சத்தைக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் அங்கேயே கொட்டிவிட்டு வந்தன. நானா அடிக்கொருதரம் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

"தம்பி, பின்னுக்கு ஆள் ஏத்தினீங்களா?"

"இல்லையே நானா. ஆளுங்க எல்லாம் அங்கேயே நின்னுட்டாங்க."

"பாரம் மாதிரி இல்ல இது. பாரம் பிரேக் அடிச்சா முன்னுக்கு வரும். இது புடிச்சிக்கொண்டு இருக்கிது."

கம்பளி வாசம் உள்ளே வந்தது. அக்கா கண்ணாடியை முழுக்க இறக்கினார். வாசம் போகவில்லை.

எங்கள் தலைக்குப் பின்னால், சிறிய கண்ணாடியில்:

டக். டக்.

நான் திரும்பவில்லை. ஆபீஸ் பழக்கம் சில வேளை உதவும்.

அப்புறம் ஒரு முனகல். பெண் முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதுபோல் அடக்கி அடக்கி வந்தது. வளைவில் லொறி குலுங்கும்போது மட்டும் அடக்க முடியாமல் கொஞ்சம் உயர்ந்தது.

"நானா, ரேடியோவா?" என்று கேட்டேன்.

"ரேடியோ பழுதாகி வருசமாச்சு."

நானா கியரைக் குறைத்தார். பிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தணிந்த குரலில் சொன்னார்:

"எங்கட வாப்பா இந்தத் தோட்டத்து லொறிதான் ஓட்டினவர். ஒரு நாள் இதே மாதிரிப் பனியாம். லயத்தில ஒரு பொம்பளைக்குப் புள்ளவலி. புருசன்காரன் கம்பளியப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் ஜன்னலடில வந்து லொறி கேட்டிருக்கான். உள்ளுக்கிருந்து 'இருங்க'ண்டு சொல்லியிருக்காங்க."

"லொறி இல்லையா?"

"இருந்திச்சு. துரை பங்களா மாத்தினார் அண்டைக்கு. வாப்பா அலுமாரி ஏத்திக்கொண்டிருந்தார்."

நானா அடுத்த வளைவை ஒடித்துத் திருப்பினார்.

"வாப்பா திரும்பி வரக்குள்ள பொம்பளையும் மௌத்து, வயித்தில புள்ளயும் மௌத்து. ரெண்டு உசிரும் போன பொறகும் அந்த மனுசன் மட்டும் ஜன்னலடிய விட்டுப் போகல்லயாம். 'ஐயா இருக்கச் சொன்னாருங்க'ண்டு அங்கேயே நிண்டானாம். பொறகு ஒரு பெரிய மழை. அதுக்குப் பொறகு ஆளக் கண்டவங்க இல்ல."

அப்போதுதான் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி. எனக்கு வலிக்குது."

"பயத்துலயாக்கும் அக்கா."

"பயத்துல இப்பிடி வலிக்காதுடா."

அவர் நெற்றி முழுக்க வியர்வை. பனியில் வியர்வை. அக்கா முனகினார். பின்னால் அந்த முனகலும் வந்தது. அக்கா மூச்சை இழுத்தபோது அதுவும் இழுத்தது. இரண்டும் ஒரே தாளத்தில், ஒன்றுக்கொன்று துணை போவதுபோல்.

"அம்மா..." என்றார் அக்கா.

"அம்மா..." என்றது பின்னால்.

நான் கந்தப்பன் ஐயாவுக்கு போன் பண்ணினேன். பதுளை எல்லைக்கு வந்துவிட்டோம், அக்காவுக்கு வலி, நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். ஸ்பீக்கரில் ஐயாவின் குரல் தெளிவாக வந்தது.

"இருங்க சதீஸ். மேனேஜர் வந்து நிக்கிறாரு, நல்ல நேரம் முடியப் போகுது. சாமானை எறக்கிட்டு அதே லொறில கூட்டிக்கிட்டுப் போவலாம். கொஞ்சம் இருங்க."

பின்னால் முனகல் நின்றது.

எல்லாச் சத்தமும் நின்றது. லொறியின் இரைச்சல்கூட எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் ஆனது.

பிறகு எங்கள் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் ஓர் அடி விழுந்தது. பணிவான தட்டல் இல்லை. உள்ளங்கையால் அடித்த அடி. கண்ணாடி குறுக்காகக் கீறிக்கொண்டது.

"போனை வைங்க தம்பி" என்றார் ஷுக்ரி நானா. ஆபீசுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் அவர் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அக்கா என் கையை விடும்போது, "புள்ளைய மட்டும் பாத்துக்கடா" என்றார், அது என் பொறுப்பில் இருக்கும் பெட்டிகளில் ஒன்று என்பதுபோல். நான் சரி என்றேன்.

உள்ளே போன தாதி ஒருத்தி திரும்பி வந்தாள்.

"மத்த அம்மாவோட வந்தது யாரு?"

"எந்த அம்மா?"

"லொறிக்குப் பின்னால இருந்து எறங்கினாங்களே. சாரியெல்லாம் ஈரம். நிக்க வச்சு பேர் கேக்குறதுக்குள்ள உள்ள போயிட்டாங்க. புருசன் எங்கன்னு கேட்டேன், ஜன்னல்கிட்ட நிக்கிறாருன்னாங்க."

ஷுக்ரி நானாவும் நானும் லொறிக்குப் பின்னால் போனோம். தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியிருந்தது. அலுமாரிகளுக்கு நடுவே அந்த இடைவெளி. பலகை நனைந்திருந்தது. கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

புது ஆபீஸ் பதுளை டவுனில், ஹிஷாம் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. மேனேஜர் கோபித்துக்கொண்டு போயிருந்தார். கந்தப்பன் ஐயா நல்ல நேரம் தப்பிய பாலை வைத்துக்கொண்டு நின்றார். நானாவும் ஹாட்வெயார் ஆட்களும் சாமான்களை மாடிக்கு ஏற்றித் தந்தார்கள். இந்த முறை எல்லாம் என் படத்தின்படியே கச்சிதமாக அடங்கின.

சாயந்தரம் அக்காவிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. துணிக்குள் சுற்றிய ஒரு சிவந்த முகம். பொம்பளைப் பிள்ளை. கொஞ்சம் முந்திவிட்டது, ஆனால் இரண்டு பேரும் சுகம். ஐயாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். ஐயா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டக். டக்.

"ஐயா... புள்ள பொறந்திருச்சுங்களா?"

"இருங்க" என்றார் ஐயா, தலையைத் தூக்காமல்.

"நல்லதுங்க."

ஐயாவின் கையில் துணி நின்றது. மெல்லத் திரும்பினார். அந்த ஜன்னலுக்கு வெளியே படி இல்லை, தட்டு இல்லை. எங்கோ கீழே பக்கத்துக் கடையின் தகரக் கூரைதான். கண்ணாடியில் மட்டும், நெற்றி வைத்துப் பார்க்கும் உயரத்தில், ஒரு மூச்சு படிந்து வட்டமாக மங்கியிருந்தது.

"லொறி வந்திருச்சு, ஏத்துங்கன்னு..." என்றார் ஐயா. "நாந்தானே சொன்னேன்."

"புள்ள பொறந்திருச்சுதானே, சொல்லிருவமா ஐயா?" என்று கிசுகிசுத்தேன்.

"சொல்லாதீங்க" என்று, கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார் ஷுக்ரி நானா. "ஆமெண்டா பாக்கக் கேப்பான். எந்தப் புள்ளயக் காட்டுவீங்க? பெத்தவன் பாத்தா தூக்காமப் போவானா?"

"அப்ப இல்லைன்னு சொல்லிருவோம்."

"அவனுக்கா? இன்னொருக்காவா இல்லைண்டு சொல்லுவீங்க?"

ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நிலைமைக்கென்றே எங்கள் ஆபீசில் ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. பாவம் செய்யப் பழகிய அதே சொல் இப்போது ஒரு குழந்தையைக் காக்க உதவும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த ஜன்னலோரம் எப்போதும் ஒருவர் இருந்தோம். தட்டினால், தலையைத் தூக்காமல், "இருங்க." மழை நாட்களில் தட்டல் கூடும். கம்பளி வாசம் கோப்புகளில் ஏறிவிட்டது. ஆடிட் வந்தவர்கள் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார்கள். இருங்க என்றோம். ஜீவராணி அக்காவுக்கு எதுவும் சொல்லவில்லை. அவர் பிள்ளையோடு தோட்டத்துக்கு, அம்மா வீட்டு லயத்துக்குப் போய்விட்டார். வெடிப்புக்கு நேர் கீழே இருக்கும் லயம். பரிசீலனை நடந்துகொண்டிருந்தது.

அக்காவின் இடத்துக்கு நிஷாந்தினி வந்தாள். கொழும்பில் வாடிக்கையாளர் சேவையில் டிப்ளோமா முடித்தவள்; வேலை விவரம் கேட்டு அக்காவோடு முன்கூட்டியே போனில் பழகியிருந்தாள். தேநீருக்கு யாரிடம் சொல்வது, தீயணைக்கும் சிலிண்டர் எங்கே, கழிவறைச் சாவி எங்கே என்று எல்லாம் காட்டிக்கொடுத்தோம். ஜன்னலைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று ஐயாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று முடிவாயிற்று. வெயில் நாள், தட்டாது என்று நம்பி இருவரும் ஒன்றாகவே கீழே இறங்கினோம்.

சாப்பிட்டு மேலே வந்தபோது படியிலேயே அவள் குரல் கேட்டது. நல்ல தெளிவான, சிரித்த குரல்.

"ஆமாங்க, பொறந்திருச்சே! பொம்பளப் புள்ள. நேத்துக்கூட அக்கா போட்டோ போட்டாங்க, அவ்ளோ அழகு. இல்லிங்க, இங்க இல்ல. தோட்டத்துலதான், அவங்க அம்மா வீட்டு லயத்துல. போய்ப் பாருங்க, சந்தோசப்படுவாங்க."

நான் கதவைத் தள்ளினேன். அவள் ஜன்னலுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுபோல் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறாள்.

"பாவம், நனஞ்சு போயிட்டாரு" என்றாள். பிறகு ஜன்னலை மறுபடி பார்த்தாள். எழுந்து போய்க் கீழே பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

கண்ணாடியில் மூச்சு இல்லை. அறையில் கம்பளி வாசம் இல்லை. இத்தனை நாளில் முதல்முறையாக ஆபீஸ் சுத்தமாக மணத்தது.

போனை எடுத்தேன். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும். அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது தடவை அக்காவே அழைத்தார். பின்னணியில் மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, நீயா போன் அடிச்சது? நான் பயந்தே போயிட்டேன். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருக்காங்க, நான் ஒத்தையில இருக்கேன். பின் ஜன்னல யாரோ தட்டுறாங்கடா."

"தொறக்காதீங்க அக்கா."

"தொறக்கல. ஆனா ரொம்பப் பணிவாத்தான் கேக்குறாங்க. புள்ளயக் கொஞ்சம் காட்டுங்கன்னு. அழுதுக்கிட்டிருந்தவ அந்தச் சத்தம் கேட்டதும் நிப்பாட்டிட்டா. தொட்டில்ல கெடந்துக்கிட்டு அந்தப் பக்கமே பாத்துச் சிரிக்கிறா. என்ன சொல்லட்டும் தம்பி?"

ஓடுங்கள் என்று சொல்ல வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலால் ஓடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய்க்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று.

"இருங்க..."

மழைச் சத்தம் சட்டென்று ஓய்ந்தது.

அக்காவின் மூச்சுக்குப் பின்னால், தொட்டிலுக்கு மிகக் கிட்டத்தில், பணிவான அந்தக் குரல் கேட்டது.

"சரிங்க ஐயா. இங்கனயே இருக்கேன்."